எங்கள் ஊர்ப் பெண்களின் கல்லீரல் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்கலாமோ அவ்வளவு நலம். அங்கே நீங்களும் என் மகள் குட்டியும் அந்த அளவுக்குக் குறையாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசும்போது பின்னால் மிக்சியை ஓட்டாதே என்று நான் சொன்னதாகக் குட்டியிடம் சொல்லவும். மூன்று முறை சொல்லிவிட்டேன், மிக்சி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

நீங்கள் அனுப்பிய வரைபடமும் கேள்வியும் கிடைத்தன. நாடு முழுக்க எந்த டாக்டர் எந்த நோய்க்கு எந்த மருந்தை எழுதுகிறார் என்று கூட்டிப் பார்க்க ஓர் அலுவலகம் இருப்பதும், அதில் என் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பதும் எனக்குப் பெருமைதான். கல்லீரல் கெட்டவர்களுக்குப் புத்தி குழம்பிவிடாமல் இருக்கக் கொடுக்கிறார்களே, அந்தத் தித்திப்பு மருந்து, அதை எல்லா ஊர்களிலும் ஆண்களுக்குத்தான் அதிகம் எழுதுகிறார்கள் என்றும், வருடத்துக்கு வருடம் அந்தக் கோடு மெல்ல ஏறுகிறது என்றும் போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் மட்டும் ஆண்களின் கோடு தரையோடு படுத்துக் கிடக்க, அறுபது தாண்டிய பெண்களின் கோடு காகிதத்தை விட்டே எழுந்து போகப் பார்க்கிறது. "மாமா, நீங்க அந்த ஊர்லயே இருக்கீங்க. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன், கமிட்டிக்குப் பதில் சொல்லணும்" என்று அடியில் எழுதியிருந்தீர்கள். விசாரித்தேன். ஆனால் பதில் எழுதுவதற்குள் உங்கள் அலுவலகமே ஓர் உத்தரவைப் போட்டுவிட்டது. இனிமேல் இந்த மருந்தை நோயாளியை நேரில் உட்காரவைத்துச் சோதித்த பிறகுதான் எழுத வேண்டுமாம். அதன் பலன், உங்கள் அத்தைக்கு மருந்து நின்றுவிட்டது. வீட்டில் பாட்டில் காலி. இந்தக் கடிதத்தின் விஷயம் இவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் உங்கள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முப்பது வருடத்துக்கு மேல் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கியவன். தராசு முள் சாய்ந்தால் சாமான் கூடிவிட்டது என்று சின்னப் பிள்ளைகள் நினைக்கும். நான் கடைக்காரரின் கட்டைவிரலைப் பார்ப்பேன். ஆகவே கோடு ஏறியவுடன் நோய் ஏறிவிட்டது என்று கமிட்டிக்காரர்கள் குதிக்க வேண்டாம். அதே சமயம் நோய் இல்லை என்றும் குதிக்க வேண்டாம். உங்கள் அத்தைக்கு நோய் இருக்கிறது. அதை நான் பக்கத்திலிருந்து அனுபவித்து வருகிறேன்.

அனுபவம் என்றால் எப்படி என்று கேட்பீர்கள். அந்த மருந்தின் குணம் உங்களுக்குத் தெரியும், வயிற்றைக் கழுவித் தள்ளித்தான் அது மூளையைக் காப்பாற்றுகிறது. உங்கள் அத்தை காலையில் ஒரு மூடி குடித்தாளானால், பேப்பர் படித்து முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் இப்படியெல்லாம் நடக்கும், உங்களுக்கும் போகப்போகத் தெரியும். கல்லீரல் என்று சொன்னாலே ஆட்கள் கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டிச் சிரிக்கிறார்கள். என் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை மாப்பிள்ளை. அத்தையும்தான். சர்க்கரையாலும் கொழுப்பாலும்கூட அது கெடும் என்று டாக்டரே சொன்னார். ஆனால் டாக்டர் சொன்னதை நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டா தெருவில் நடக்க முடியும்?

எங்கள் பழைய டாக்டர் இந்த வேதனை புரிந்த மனிதர். இப்போது ஓய்வு பெற்று மகன் வீட்டோடு போய்விட்டார். அவரிடம் நோயாளி வர வேண்டியதே இல்லை. கணவர் போய் உட்கார்ந்தால் போதும். கணவரின் கண்ணைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, மனைவி பெயரில் சீட்டு எழுதிவிடுவார். அவ்வளவு அனுபவம். இன்றைய டாக்டர்களுக்கு அது வருமா?

விசாரணைக்கு வருகிறேன். எதிர்வீட்டு டெய்லரின் மனைவிக்கும் இதே மருந்துதான் என்று கேள்விப்பட்டு அங்கே போனேன். அந்த அம்மாள் நிரம்பிய சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, உங்க கல்லீரல் இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"யாருக்கு? எனக்கா?" என்று பாதிப் படியில் நின்று யோசித்தார். "ஆமா ஆமா, எனக்குத்தான். இருக்குங்க, அப்படியே இழுத்துக்கிட்டுக் கெடக்கு." சொல்லிவிட்டு மிச்சப் படிகளை இரண்டிரண்டாக ஏறிப் போய்விட்டார்.

டெய்லர் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டைக்கு மூன்றாவது கையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"இது எதுக்குய்யா மூணாவது?"

"இருக்கட்டும் சார், ஸ்பேர். ஒண்ணு கிழிஞ்சா மாத்திக்கலாம்ல?"

தொழில் தெரிந்தவர், யோசித்துத்தான் செய்வார் என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ரிட்டயர்டு தபால்காரர், பேக்கரிக்காரர், பஸ் டெப்போவில் வாட்ச்மேனாக இருந்தவர் எல்லோரையும் கேட்டேன். ஆண்கள் யாருக்கும் எதுவும் இல்லை. "நமக்கெல்லாம் ஏது சார், வீட்டுக்காரிக்குத்தான்" என்று ஒரே குரலில் சொன்னார்கள். ஆகவே பெண்களைத் தாக்கும் ஏதோ ஒன்று இந்த ஊரில் இருக்கிறது. என் அபிப்பிராயம், மனதில் வைத்துப் புழுங்குவதுதான் காரணம். அதை உங்கள் அத்தையிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் புழுங்கினாள். கமிட்டிக்கு இதை ஆதாரமாகக் காட்டலாம்.

இப்போது அந்தச் சோதனை. பழைய டாக்டரின் இடத்துக்கு ஒரு புது டாக்டரம்மா வந்திருக்கிறார், நம் குட்டியைவிடச் சின்னப் பெண். உத்தரவைக் காட்டி, "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார், ஒரு பத்து நிமிஷம் கேள்வி கேட்டுட்டு எழுதித் தர்றேன்" என்றார். என்ன கேள்வி என்று மெடிக்கல் கடைக்காரரிடம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டேன். நூறில் ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்களாம், ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகத்தின் பெயர் சொல்கிறோம் என்று பார்ப்பார்களாம், கையை நீட்டச் சொல்லி நடுங்குகிறதா என்று பார்ப்பார்களாம். நோய் உள்ளவர்தான், ஆனால் அன்றைக்குப் பார்த்துத் தெளிவாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? ஆய்வாளர் வருகிற நாளில் எல்லாக் கடையிலும் எடைக்கல் சரியாகத்தான் இருக்கும், இது என் தொழில் ரகசியம். ஆகவே அத்தையை உட்காரவைத்துக் கொஞ்சம் பழக்கினேன்.

"நூத்துல ஏழு போனா எவ்வளவு?"

"தொண்ணூத்தி மூணு."

"ஏன் கரெக்டா சொல்ற? தப்பா சொல்லு."

"தப்புன்னா, எவ்வளவு தப்பா?"

"தொண்ணூத்தி ரெண்டுன்னு சொல்லேன்."

"அது என்ன, கஞ்சன் வீட்டுத் தப்பு மாதிரி ஒண்ணே ஒண்ணு கொறைச்சு? எண்பதுன்னு சொல்றேன்."

"எண்பதுன்னு சொன்னா ஆஸ்பத்திரியிலயே படுக்க வெச்சுடுவாங்க!"

கடைசியில் தொண்ணூறு என்று முடிவாயிற்று. மிருகம் என்றால் நாய், பூனை, அத்தோடு நிறுத்திக்கொண்டு ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மூலையில் எடை பார்க்கும் மிஷின் ஒன்று. ஏறி நின்று பார்த்தேன், முக்கால் கிலோ கூடுதலாகக் காட்டியது. அதை டாக்டரம்மாவிடம் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் அத்தையின் பக்கம் திரும்பி, கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நூத்துல ஏழு போனா?" என்று கேட்டுவிட்டார். அத்தை அவர் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒம்பது. எழுபத்தி ரெண்டு."

"போதும்மா, ரொம்ப நல்லா சொல்றீங்க."

"இருங்க டாக்டர். அறுபத்தி அஞ்சு, அம்பத்தி எட்டு..." என்று யாரும் கேட்காமலேயே படிப்படியாக இறங்கிப் போய், "மிச்சம் ரெண்டு, அதுக்கு மேல கழிக்க முடியாது" என்று முடித்தாள். மிருகத்தில் நாய் பூனையெல்லாம் முதல் மூச்சிலேயே முடிந்து, ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், எறும்புதின்னி என்று போயிற்று. நேரம் முடிந்துவிட்டது என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், "நீர்யானை விட்டுப்போச்சு டாக்டர், அதையும் சேர்த்துக்குங்க" என்றாள். கையை நீட்டினாள். விசிறிக் காற்றில் மேஜைக் காகிதமெல்லாம் ஆடியது, உங்கள் அத்தையின் கை ஆடவில்லை. டாக்டரம்மா கைதட்டாத குறை.

"சார், அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த மருந்து எதுக்கு இவங்களுக்கு? நிறுத்திடலாம்" என்று சீட்டில் குறுக்கே கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சும்மாதான் கேக்குறேன், நீங்க உங்க கையைக் கொஞ்சம் நீட்டுங்களேன்."

நான் நோயாளி இல்லை என்று சொல்லி இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டேன். என் சட்டைக்கு ஒரே பைதான், அதுவும் நெஞ்சில், ஆகவே பை கிழிந்துவிட்டது. டெய்லரிடம் கொடுத்திருக்கிறேன். திரும்பி வரும்போது என்னென்ன ஒட்டியிருக்குமோ தெரியாது.

மெடிக்கல் கடைக்காரரிடம் நேரிலேயே போய்க் கேட்டுப் பார்த்தேன். "சீட்டு இல்லாம தர முடியாது சார், இப்ப ரொம்பக் கெடுபிடி. அதுவும் அம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டரே எழுதிட்டாங்க" என்றார். சரி, எனக்கென்று ஒன்று கொடு என்றேன். "தாராளமா. உங்க பேர்ல எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். கடையில் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். என் பெயரில் எதற்கு, எனக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அத்தைக்கு மருந்து நின்றதிலிருந்து வீடு வீடாக இல்லை. நோயின் வேகத்தைக் கமிட்டி அறிய வேண்டும் என்பதற்காக நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் மூக்குக்கண்ணாடி ஃபிரிட்ஜில் முட்டைகளுக்கு நடுவே இருந்தது. வைத்தது யார் என்று அத்தையிடம் கேட்டால் என்னையே பார்க்கிறாள். பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது, எனக்குத்தான், அத்தையின் நோயைக் கவனித்துக்கொள்ளும் அலுப்பு. அடுப்பில் பால் வைத்தேனாம், மறந்துவிட்டேனாம், பாத்திரம் கரியாகி வீடு முழுக்கப் புகை. அன்றிலிருந்து அடுப்பு லைட்டரைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறாள். யாரையும் நம்பாமல் இருப்பதும் இந்த நோயின் ஒரு அறிகுறி என்று எங்கோ படித்திருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ மதியம், டெய்லர் தெருமுனையில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். பாவம், வழி தெரியாமல் நிற்கிறாரே, வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று கையைப் பிடித்தேன். அவர் என்னைக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி என் கையைப் பிடித்தார். ஒருவரை ஒருவர் விடாமல் நடந்ததில் பஸ் நிலையம், மீன் மார்க்கெட், இரண்டு பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன, எங்கள் தெரு மட்டும் வரவில்லை. "என்ன சார், தெருவை எங்கயோ மாத்திட்டாங்க போலிருக்கு" என்றார் டெய்லர். இருக்கலாம் என்றேன், இப்போதெல்லாம் நோட்டீஸ் கொடுக்காமலே எதையும் செய்கிறார்கள். கடைசியில் அவர் மனைவியும் உங்கள் அத்தையும் ஆட்டோவில் தேடிக்கொண்டு வந்தார்கள். மருந்து இல்லாத இரண்டு பெண்கள் இப்படி ஊரெல்லாம் அலைகிறார்கள், எவ்வளவு ஆபத்து பாருங்கள். ஆட்டோவில் வரும்போது அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். தூசி.

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் செய்ய வேண்டியது சிறிய காரியம். உங்கள் அறிக்கையில், "மேற்படி ஊரின் பெண்கள் சோதனையில் சரியாகப் பதில் சொல்வதை நம்பக் கூடாது, கேள்வி கேட்காமல் மருந்து கொடுக்கவும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வார்த்தை முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெண்களின் கோட்டை யாரும் கீழே இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எனக்காகக் கேட்கவில்லை. உங்கள் அத்தை படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் கையெழுத்து இந்தப் பக்கத்தில் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் அது மேஜையின் கோளாறு. வீட்டில் அனைவருக்கும் என் விசாரிப்பு. நீங்களும் குட்டியும் எதிலும் அளவு குறையாமல், எடை கூடாமல், நூறாண்டு வாழ வேண்டும் என்று மனமார வாழ்த்தும்,

தங்கள் அன்பு மாமனார்,
எடை அளவு ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதுகிறேன். கவரை ஒட்டித் தபாலில் போடச் சொன்னார். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன்.

நோய் அவருக்குத்தான், எனக்கு இல்லை. அவர் பெயரில் பழைய டாக்டர் எழுதிக் கொடுத்த முதல் சீட்டை அவரே கிழித்துப் போட்டுவிட்டார். குடிகாரன் என்று ஊர் சொல்லும், மாப்பிள்ளை காதுக்குப் போனால் என்ன நினைப்பார் என்று ஒரே பிடிவாதம். சரி, என் பெயரில் எழுதுங்கள், உயிர்தானே முக்கியம் என்று நான்தான் சொன்னேன். டெய்லர் வீட்டிலும் அப்படித்தான், தபால்காரர் வீட்டிலும் அப்படித்தான். உங்கள் படத்தில் எங்கள் ஊர்ப் பொம்பளைகள் என்று போட்டிருப்பதெல்லாம் ஆம்பளைகள்தான். இரண்டு கோட்டையும் இடம் மாற்றிப் போட்டுவிடுங்கள். எங்கள் கல்லீரலுக்கு ஒரு கேடும் இல்லை.

தப்பாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் டாக்டரம்மாவிடம் போனேன். ஆனால் அந்தப் பெண் என் கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டது. இந்த வீட்டில் என்னிடம் கேட்கிற கேள்வியெல்லாம் சட்டை எங்கே, சாவி எங்கே என்பதுதான். கணக்கில் நான் பள்ளிக்கூடத்தில் முதல். எத்தனையோ வருஷம் கழித்து ஒருத்தர் கேட்கும்போது தப்பாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை மாப்பிள்ளை. அதனால்தான் அவர் மருந்து இல்லாமல் தெருத்தெருவாக அலைய வேண்டியதாயிற்று.

இன்று காலையில் கரண்ட் பில் கட்டப் போகலாம் என்று பொய் சொல்லி அவரை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார், இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. நூறில் ஏழு போனால் எவ்வளவு என்றதற்கு, எந்தக் கடை என்று கேட்டார். என்னைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்றார்கள். "இது தெரியாதா, குட்டியோட அம்மா" என்று டக்கென்று சொன்னார். "இவங்க பேரு?" என்றார்கள். என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவி பெயரே நினைவில்லை என்று எழுதிக்கொண்டு, அவர் பெயரிலேயே மருந்துச் சீட்டு கொடுத்துவிட்டார்கள். முதல் மூடி உள்ளே போய்விட்டது, நீங்கள் கவலைப்படாதீர்கள். நன்றாக இருந்த காலத்திலும் அவர் ஒரு தடவைகூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்பதை நான் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. மருந்து வேண்டுமே. ஆனால் மறந்துதான் போனதா, இல்லை எப்போதுமே தெரியாதா என்று எனக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் மருந்து உள்ளே போய்த் தெளியட்டும், கேட்கலாம் என்று இருக்கிறேன்.